தென்னாப்பிரிக்காவின் என்-3 (N3) நெடுஞ்சாலையில் பழைய கார்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

தகரம் வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் புதிதாகக் கட்டி, ஒரு பழைய காரை உயிர்ப்பித்துவிட்டீர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வந்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஜோகன்னஸ்பர்க்கில் கல்யாணம் என்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டுவதற்குள் ஏதாவது ஒன்று தொடங்கிவிடுகிறது. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. நடுவில் என்-3 சாலையில் 570 கிலோமீட்டர் சொச்சம், கீ ரிட்ஜ், டவுன் ஹில் (Town Hill), வான் ரீனென் என்று வரிசையாக ஏற்றம். ஊருக்குள் இருபது நிமிடம் ஓடும்போது பல பாகங்கள் முழுச் சூட்டுக்கே வருவதில்லை.

இந்த ஓட்டத்தில் பழைய பாகத்தைவிடப் புதிதாகப் போட்ட பாகமும், பெயிண்டுக்கு அடியில் மறைந்துபோன பாகமும்தான் அதிகம் தொல்லை தருகின்றன. அதனால் வண்டி நின்றவுடன் ஸ்பேனரைத் தூக்காதீர்கள். எப்போது நின்றது, ஏற்றத்திலா இறக்கத்திலா, எவ்வளவு நேரம் ஓடியபின், டேங்கில் எவ்வளவு இருந்தபோது என்று முதலில் யோசியுங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

என்னிடம் இருப்பது ஃபோர்டின் மார்க் 2 கோர்ட்டினா 1600, அதனால் உதாரணங்கள் அதிலிருந்து வரும். பெஜோ 404, டாட்சன் 1200 பக்கி (பிக்கப்), மோரிஸ் மைனர், வேலியன்ட் என்று பாயிண்டும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கார்புரேட்டரும் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் பாகம்) உள்ள எந்த வண்டிக்கும் பெரும்பாலானவை பொருந்தும். பீட்டில்காரர்கள், காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், ரேடியேட்டர் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிட்டது

எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி ஒரே நொடியில் நின்றதா, இல்லை இழுவை குறைந்து, திணறி, குலுங்கி நின்றதா? முதலாவது என்றால் பெரும்பாலும் கரண்ட், இரண்டாவது என்றால் பெரும்பாலும் பெட்ரோல். எங்கள் மாமாவிடம் எதைச் சொன்னாலும் "கார்புரேட்டரைக் கழற்றுடா தம்பி" என்பார். கழற்றாதீர்கள். சாலையோரத்தில் கார்புரேட்டரைப் பிரித்து ஒரு ஸ்பிரிங்கைப் புல்லுக்குள் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, மிஸ் அடிக்கத் தொடங்கி, நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது என்றால் கண்டன்சரை (பாயிண்டில் பொறி பெரிதாகாமல் தடுக்கும் சிறு உருளை) சந்தேகப்படுங்கள். இப்போது விற்கும் கண்டன்சர்களில் தரமில்லாதவை ஏராளம், சூடு ஏறியதும் உள்ளே விட்டுப்போகும். அடையாளம் என்னவென்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்த்தால் பாயிண்டில் பெரிய மஞ்சள் பொறி தெறிக்கும். சரியான கண்டன்சரில் சின்ன நீலப் பொறிதான் வரும். மாற்ற ஐந்து நிமிடம் போதும். வண்டியை உயிர்ப்பிக்கும்போது கழற்றிய பழைய கண்டன்சர், அது ஓடிக்கொண்டிருந்ததாக இருந்தால், குப்பையில் போடாமல் டாஷ்போர்டு அறையில் வைத்திருங்கள். பெட்டி பிரிக்காத புதியதைவிட அதை நம்பலாம். ரோட்டார் ஆர்மும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் பிரிப்பது) இதே கதை: நடுவில் ரிவெட் அடித்த மலிவான ரோட்டார்களில் கரண்ட் உள்ளுக்குள்ளே தண்டுக்கு இறங்கிவிடும், பார்வைக்கு ஒன்றுமே தெரியாது.

காயில் (பேட்டரி கரண்டை உயர் வோல்டேஜாக மாற்றும் சுருள்) தொட முடியாத அளவு சுட்டால் அது எந்த வகைக் காயில் என்று பாருங்கள். பாலாஸ்ட் தடை (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் கம்பி) உள்ள வண்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஓம் காயில், தடை இல்லாத வண்டிக்கு மூன்று ஓம். ஒயரிங்கைப் புதிதாக இழுக்கும்போது தடைக்கம்பியை எடுத்துவிட்டு, பழைய ஒன்றரை ஓம் காயிலையே விட்டுவிட்டால் ஊருக்குள் ஓடும், நீண்ட தூரத்தில் வெந்துபோகும்.

திணறித்தான் நின்றது என்றால் முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்பால் இழுக்க முடியவில்லை. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி மூடிக்கொண்டு, டேங்கை நிரப்பாமல் ஊர் போய்ச் சேரலாம்.

சத்தம் இல்லையா, அப்போது ஃபில்டர். பல வருடம் ஷெட்டில் கிடந்த காரின் டேங்கில் துரு இருக்கும், கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும். சமதரையில் அந்தத் துரு அடியில் படுத்திருக்கும். டவுன் ஹில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஏறும்போதுதான் எஞ்சின் அதிகம் கேட்கிறது, ஃபில்டர் கொடுக்க மறுக்கிறது. நின்றபின் சில நிமிடத்தில் கார்புரேட்டரின் கிண்ணம் மெல்ல நிரம்பி மறுபடி ஸ்டார்ட் ஆகும், இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி திணறும். உள்ளே தெரியும் கண்ணாடி ஃபில்டரை பம்புக்கு முன்னால் போட்டுக்கொண்டு, கூடவே இரண்டு மாற்று ஃபில்டர் வைத்துக்கொள்வது பயணத்துக்குப் போதும். டேங்குக்கான வைத்தியத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கடும் வெயிலில், டோல் வரிசையில் நகர்ந்து நகர்ந்து போனபின் மட்டும் இப்படி ஆனால் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைப்பு. பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். புதிதாகக் குழாய் வளைத்தவர்கள் அழகாகத் தெரியும் வழியில் வளைத்திருப்பார்கள், குளிர்ந்த வழியில் அல்ல. குழாயில் துணிக்கிளிப் மாட்டும் வித்தையால் பலன் கண்டேன் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, எனக்கு நம்பிக்கையும் இல்லை.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

முதலில் பக்கத்து முள்ளைப் பாருங்கள், அதாவது பெட்ரோல் அளவைக் காட்டும் முள். நிரப்பிய டேங்க் இறங்க வேண்டிய நேரத்தில் அதுவும் மேலே போகிறதா? அப்படியானால் எஞ்சினில் கோளாறு இல்லை. அறுபதுகளின் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் இரண்டு முள்ளுக்கும் சேர்த்து டாஷ்போர்டின் பின்னால் ஒரு சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், அது பழுதானாலோ அதன் எர்த் விட்டுப்போனாலோ இரண்டும் ஒன்றாக ஏறும். டாஷ்போர்டைக் கழற்றிப் பெயிண்ட் அடித்து மாட்டிய வண்டிகளில் இது சகஜம்.

உண்மையிலேயே சூடுதான் என்றால், எந்த வேகத்தில் என்பது முக்கியம்.

நின்று நின்று போகும்போது ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் காற்றோட்டக் குறை. ஈஸ்டர் நேரத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு மூய் ரிவர் டோலில் நிற்கும் வரிசை தெரியும். அங்கேதான் இது வரும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருந்த தகர மறைப்பை "தேவையில்லை" என்று யாரோ எடுத்திருக்கலாம், அது தேவை. டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் ஐடிலில் (மிதிக்காமல் ஓடும்போது) சூடு ஏறும்.

நேர்மாறாக, ஊருக்குள் சும்மா இருந்து, 100 கிலோமீட்டர் வேகத்தில் அல்லது நீண்ட ஏற்றத்தில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டரின் வெளிப்பக்கத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தவர் உள்பக்கத்தைக் கழுவினாரா? எஞ்சின் பிளாக்கின் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிப் பல வருட மண்ணும் துருவும் கெட்டியாகப் படிந்திருக்கும், சும்மா தண்ணீர் விட்டுக் கழுவினால் அது போகாது, பக்கத்து அடைப்புத் தட்டுகளை எடுத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று கீழ் ஹோஸ். எஞ்சினை வேகமாக ஓட்டிக்கொண்டு அதைப் பாருங்கள், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் சப்பிப்போகிறதா? பழைய ஹோஸுக்குள் சுருள்கம்பி இருந்திருக்கும், புதியதில் இருக்காது. வீட்டு வாசலில் நிறுத்தி ஐடிலில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியாது.

வான் ரீனெனில் மட்டும் கொதிக்கிறது, மற்ற ஏற்றங்களில் இல்லை என்கிறீர்களா? உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது, அந்தக் கணவாய் 1,600 மீட்டருக்கும் மேலே இருப்பதால் திறந்த பாத்திரத்தில் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். டர்பனில் 96 டிகிரியில் அமைதியாக ஓடிய எஞ்சின் அங்கே கொந்தளிக்கும். இதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான். ஒவ்வொரு பிஎஸ்ஐயும் கொதிநிலையை ஒன்றரை டிகிரி அளவுக்கு உயர்த்தும். அதனால் ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடியோடு மலையேறக்கூடாது. வண்டிக்குச் சொன்ன அழுத்தத்தில் புதிய மூடி போடுங்கள், அதைவிடக் கூடுதலாக வேண்டாம், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுக்கொடுத்துவிடும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாகக் கெட்டியானால் ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் போகிறது. புதிதாகக் கட்டிய எஞ்சினில் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் போல்ட்களை மறுபடி இறுக்க வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தால் அதைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பிசுக்கு இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரத்தாலும் வரும். தண்ணீர் குறைவதும் பிசுக்கும் சேர்ந்து வந்தால்தான் கவலை.

வழியில் செய்யக்கூடியது: ஹீட்டரை முழுக்கத் திறந்து ஃபேனைப் போடுங்கள், ஜனவரி வெயிலாக இருந்தாலும் சரி, பாட்டி திட்டினாலும் சரி, அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். ஒரு கியர் குறைத்து, மிதியைத் தளர்த்தி ஏறுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் எமர்ஜென்சி லேனில் இடப்பக்க ஓரமாக நிறுத்தி, ஆட்களை கார்டுரெயிலுக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள், லாரிகள் அந்த ஓரத்தையும் விட்டுவைப்பதில்லை. ரேடியேட்டர் மூடியைக் கையால் தொட்டுப் பிடித்திருக்க முடிகிறவரை திறக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றும்போது எஞ்சினை ஓடவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வு அல்ல.

மேலே போனால் கறுப்புப் புகை, கீழே வந்தால் டிக் டிக்

மேட்டுநிலத்தில் காற்று மெலிசு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கடல்மட்டத்தில் ஊற்றிய அளவையே ஊற்றும். ஹாரிஸ்மித் தாண்டியதும் ஐடில் ஒழுங்கில்லாமல் போவது, பெட்ரோல் வாடை, கரி பிடித்த பிளக், எல்லாம் இதனால்தான். இழுவையும் குறையும்: டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் இழக்கிறது, ஆகவே ஜோகன்னஸ்பர்க்கில் உங்கள் கோர்ட்டினா மந்தமாக இருப்பது பழுது இல்லை. ஒரு வாரம் தங்குவதானால் ஐடில் கலவைத் திருகைக் கொஞ்சம் உள்ளே திருப்புங்கள், எத்தனை கால் சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மட்டும் போய்த் திரும்புவதானால் தொடவே வேண்டாம்.

திரும்பி வரும்போதுதான் ஆபத்து. மேலே 93 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும், கொஞ்சம் மலிவு, அந்த உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவாக இருப்பதால் அதுவே போதும். முழு டேங்க் 93-ஐ நிரப்பிக்கொண்டு டர்பன் வெப்பத்துக்கு இறங்கி, அங்கே ஏதாவது ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சினுக்குள் டிக் டிக் என்று நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் சத்தம்) கேட்கும். மேலே இழுவைக்காக டைமிங்கை முன்னே தள்ளியிருந்தால் இன்னும் மோசம். சத்தம் கேட்டால் மிதியைத் தளர்த்தி கியர் குறையுங்கள். பாதி டேங்கோடு இறங்கி எஸ்ட்கோர்ட்டிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ 95 ஊற்றுங்கள். சாவியை எடுத்தபின்னும் எஞ்சின் குலுங்கிக்கொண்டே ஓடினாலும் குறைந்த ஆக்டேன், கரி, அதிக ஐடில் ஆகியவற்றில் ஒன்று. நான்காவது கியரைப் போட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால் நின்றுவிடும்.

2006 தொடக்கத்தோடு இந்த நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. வால்வு இருக்கைகளைக் கெட்டியானவையாக மாற்றாத பழைய ஹெட்டில், நீண்ட வேக ஓட்டத்துக்குப் பிறகு டேப்பெட் சத்தம் (வால்வு இடைவெளியில் எழும் சத்தம்) குறைந்து, ஐடில் கெட்டால் சந்தோஷப்படாதீர்கள். வால்வு தேய்ந்து உள்ளே இறங்கி இடைவெளி மூடுகிறது. கிளம்பும் முன் அளந்து, திரும்பியபின் மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

பிரேக்

இறக்கத்தில் பெடல் உள்ளே போய் மெத்தென்று ஆனால் திரவம் கொதித்திருக்கிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். நம் கரையோரக் காற்றில் கேட்கவே வேண்டாம். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கூடவே கருகிய வாடை வருகிறது என்றால் ஷூவும் பேடும் சூடேறி வழுக்குகின்றன. இரண்டுக்கும் அப்போதைக்கு ஒரே வழி, கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்தி ஆறவிடுவது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்குத்தான். ஒரே சர்க்யூட் உள்ள பழைய பிரேக்கில் மாற்று வழி கிடையாது, ஹேண்ட் பிரேக் ஒன்றுதான், அதைக் கிளம்பும் முன் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஓட ஓட வண்டி கனத்துப்போய், பெடல் மேலே ஏறி, சக்கரங்கள் சுடுவது இன்னொரு பழுது, புதிய மாஸ்டர் சிலிண்டர் போட்ட வண்டிக்கே உரியது. பெடலுக்கும் தண்டுக்கும் நடுவில் விளையாட்டு (சிறு இடைவெளி) இல்லையென்றால் திரவம் திரும்பும் துளை மூடியே கிடக்கும், சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக இடமில்லை, பிரேக் தானாகப் பிடிக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி பிளீட் நிப்பிளை (திரவத்தை வெளியேற்றும் திருகு) திறங்கள். திரவம் பீறிட்டு சக்கரம் விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருந்தது; விடுபடாவிட்டால் ஷூவோ காலிபரோ துருவில் மாட்டியிருக்கிறது. எல்லாச் சக்கரமும் என்றால் மாஸ்டர் சிலிண்டர், அதன் நட்டுகளைத் தளர்த்தி அடியில் ஒரு வாஷர் வைத்தால் வீடு வரலாம். ஒரே ஒரு சக்கரம் என்றால் உள்ளே ஊதிப்போன ரப்பர் ஹோஸ், அதை வழியில் சரிசெய்ய முடியாது.

விளக்கு மங்குகிறது, ஸ்டார்ட்டர் சோம்பல்

பெயிண்ட். எர்த் ஒயர் பாடியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் பளபளப்பாகப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடானால் எஞ்சினின் எர்த் பட்டை வேலை செய்யவில்லை, கரண்ட் அந்த கேபிள் வழியாகத் திரும்புகிறது. சுரண்டி, வெறும் உலோகம் தெரியச் செய்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

டைனமோ உள்ள வண்டியா? லூகாஸ் சி40/1 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஹில்டன் பனிமூட்டத்தில் ஹாலஜன் விளக்கு, வைப்பர், ஹீட்டர் ஃபேன், பிள்ளைகளின் போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் பேட்டரியிலிருந்துதான் போகும். போனைப் பிடுங்குங்கள், விளக்கை அல்ல.

அதிர்வு

ஸ்டியரிங்கில் மட்டும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்றால் வீல் பாலன்ஸ். இருக்கைக்கு அடியில் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோ (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் தண்டு) அதன் கிராஸோ (மூட்டு). டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஷெட்டில் நின்றே வயதான டயர் சூட்டில் உரியும், அதற்கு முன் இப்படித்தான் துடிக்கும். அதிர்வு திடீரென்று தொடங்கி வளர்ந்துகொண்டே போனால் வீல் நட். ரிம்முக்குத் தடிமனாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அது நசுங்கி நட் தளரும், ஆகவே முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஆயில் விளக்கு

நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஐடிலில் மினுக்கி, கொஞ்சம் மிதித்ததும் அணைந்தால் ஆயில் சூட்டில் இளகியிருக்கிறது. டிப்ஸ்டிக் பாருங்கள், 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறீர்களா பாருங்கள், போகலாம். ஓடும் வேகத்தில் எரிந்தால் அந்த நொடியே எஞ்சினை அணையுங்கள், அடுத்த பெட்ரோல் நிலையம் வரை என்று நினைக்காதீர்கள். இறக்கம் முடிந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை ஒரு மூச்சு வந்தால் வால்வு சீல், அவசரமில்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் உறைபனிக் காலை

ஜூலையில் போகிறவர்களுக்கு. டர்பனில் உறைபனி கிடையாது என்பதால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு ஓடும் வண்டிகள் நம்மில் அதிகம். மேலே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் பெல்ட் கிறீச்சிட்டு வழுக்கினால் வாட்டர் பம்ப் உறைந்திருக்கிறது, உடனே அணையுங்கள். வெயில் ஏறும்வரை விட்டுவிட்டு, பக்கத்து வெல்ஷ் பிளக் (பிளாக்கின் அடைப்புத் தட்டு) ஏதாவது வெளியே தள்ளியிருக்கிறதா, பிளாக்கில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் மறுபடி. கிளம்புவதற்கு முன்பே பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, கொதிநிலையும் சேர்ந்து ஏறும். கூலன்ட் இல்லாமலே வந்து சேர்ந்துவிட்டீர்கள், கடையும் மூடிவிட்டது என்றால் இரவில் தண்ணீரை வடித்துவிடுங்கள். ரேடியேட்டருக்கு அடியில் ஒரு திருகு, பிளாக்கின் பக்கத்தில் ஒரு திருகு, இரண்டையும் திறக்க வேண்டும். முதலாவதை மட்டும் திறந்தால் பிளாக்குக்குள் தண்ணீர் தங்கிவிடும்.